மேடையில் ஆப்பிரிக்கர் இருந்தால் போதுமா?

கேள்வி: ஆப்பிரிக்காவுக்கு உதவ மேற்கு நாடுகளில் நடக்கும் தொண்டு முயற்சிகளில் ஆப்பிரிக்கர்களின் குரலே இல்லை என்கிறார்கள். இது நியாயமான குற்றச்சாட்டா? ஆப்பிரிக்கக் கலைஞர்களையும் பேச்சாளர்களையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடுமா?

பதில்:

குற்றச்சாட்டு நியாயமானது. ஆனால் மேடையில் கூடுதலாக நாலு பேரை ஏற்றிவிட்டால் சரியாகிவிடாது. ஆப்பிரிக்கர்கள் பேசாமல் இருந்த காலம் என்று ஒன்று கிடையாது. அவர்கள் பேசியதைக் கேட்டு யாராவது திட்டத்தை மாற்றினார்களா, பணம் போகும் வழியை மாற்றினார்களா, அவர்கள் வேண்டாம் என்றபோது நிறுத்தினார்களா என்றுதான் நான் பார்ப்பேன். அப்படிப் பார்த்தால் கதை கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

எல்லோருக்கும் தெரிந்த எத்தியோப்பியப் பஞ்சத்திலிருந்து தொடங்குகிறேன். 1984 அக்டோபர் 23 அன்று கோரெம் முகாமிலிருந்து பிபிசி ஒரு செய்திப்படத்தை ஒளிபரப்பியது. அதைப் பார்த்துத்தான் அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாஃப் மற்ற பாடகர்களைத் திரட்டினார், 'பேண்ட் எய்ட்' பாட்டு வந்தது, மறு வருடம் ஜூலையில் 'லைவ் எய்ட்' கச்சேரி நடந்தது. செய்தியில் பேசியவர் மைக்கேல் பர்க் என்பது பலருக்கும் நினைவிருக்கும். கேமராவைப் பிடித்திருந்தவர் முகமது அமின் என்ற நைரோபிக்காரர். பஞ்சாபிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் குடியேறிய குடும்பத்தில் பிறந்த கென்யர். உலகை உலுக்கிய அந்தக் காட்சிகளை ஓர் ஆப்பிரிக்கர்தான் எடுத்தார்.

அதற்கும் முன்பே எச்சரிக்கை வந்துவிட்டது. எத்தியோப்பிய அரசின் நிவாரண ஆணையம் 1984 மார்ச்சிலேயே நன்கொடை நாடுகளிடம் கணக்கோடு சொன்னது: ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆபத்தில் இருக்கிறார்கள், தானியம் வேண்டும். பெரிதாக எதுவும் வரவில்லை. ஆணையத்தின் தலைவர் தாவித் வோல்டே கியோர்கிஸ் அப்போது திரும்பத் திரும்பக் கேட்டும், அந்த அரசு சோவியத் பக்கம் இருந்ததாலும் கணக்கின் மேல் நம்பிக்கை இல்லாததாலும் மேற்கு நாடுகள் இழுத்தடித்தன. ஏழு மாதம் கழித்துத் தொலைக்காட்சியில் படம் வந்த பிறகு தானியம் கப்பலேறியது.

'பேண்ட் எய்ட்' பாட்டைப் பற்றிப் பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு. அவர்களுக்கு இது கிறிஸ்துமஸ் என்று தெரியுமா என்று அது கேட்கிறது. எத்தியோப்பிய அரசகுலம் கிறிஸ்தவத்தை ஏற்றது நான்காம் நூற்றாண்டில். அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7. ஆறே ஓடாத, எதுவுமே விளையாத நிலம் என்றும் பாட்டு சொல்கிறது. நீல நைல் புறப்படும் தானா ஏரி அதே நாட்டில்தான் இருக்கிறது. சரி, இவை கேலிக்கு நல்ல விஷயங்கள். ஆனால் இவற்றிலேயே நின்றுவிட்டால் பெரிய விஷயம் கைநழுவிவிடும்.

அது வெறும் மழை பொய்த்த பஞ்சம் இல்லை. எத்தியோப்பியாவை அப்போது ஆண்ட மெங்கிஸ்துவின் அரசு வடக்கே திக்ரேயிலும் எரித்ரியாவிலும் கிளர்ச்சிக்காரர்களோடு போர் நடத்திக்கொண்டிருந்தது. அந்தப் பகுதிகளின் சந்தைகள் மேல் குண்டு விழுந்தது, தானியம் போகும் வழிகள் அடைக்கப்பட்டன. அப்புறம், பஞ்ச நிவாரணம் என்ற பெயரிலேயே ஏறக்குறைய ஆறு லட்சம் பேரை வடக்கிலிருந்து தெற்குக்கும் தென்மேற்குக்கும் பெயர்த்தார்கள். பலரையும் வலுக்கட்டாயமாக. பயணத்திலும் போய்ச் சேர்ந்த இடத்திலும் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். இதை வெளியில் சொன்ன பிரெஞ்சு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பை 1985 டிசம்பரில் நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். மற்ற அமைப்புகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் தங்களுக்கும் அதே கதிதான் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதே நேரத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம், சூடானிலிருந்து, திக்ரே மக்களின் நிவாரண அமைப்பும் எரித்ரிய நிவாரண அமைப்பும் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு லாரிகளில் தானியம் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன. பகலில் விமானம் குண்டு போடும் என்பதால் ராத்திரியில்தான் ஓட்டம். சில ஐரோப்பியத் தேவாலய அமைப்புகள் சத்தமில்லாமல் இவர்கள் வழியாக உதவி அனுப்பின. கச்சேரி பார்த்துப் பணம் போட்டவர்களில் எத்தனை பேர் இவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

ஆக, 1984-இல் அங்கே குறைந்தது இரண்டு ஆப்பிரிக்கக் குரல்கள் இருந்தன. அடிஸ் அபாபா அரசு சொன்னது ஒன்று. அந்த அரசின் குண்டுக்குத் தப்பி ராத்திரியில் லாரி ஓட்டியவர்கள் சொன்னது இன்னொன்று. 'ஆப்பிரிக்கர்களிடம் கேட்டுச் செய்தோம்' என்று ஓர் அமைப்பு சொன்னால், எந்த ஆப்பிரிக்கரிடம் என்று கேட்பது என் வழக்கம். ஐம்பத்து நான்கு நாடுகள் இருக்கும் கண்டம் அது. ஒரு நாட்டுக்குள்ளேயே ஆள்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் ஒரே குரல் இருக்காது.

கலைஞர்கள் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பஞ்சத்துக்காகவே கேமரூன்காரர் மனு திபாங்கோ, சாலிஃப் கெய்தா, மோரி கந்தே போன்ற ஆப்பிரிக்கக் கலைஞர்களைச் சேர்த்துத் தனியாக ஓர் இசைத்தட்டு போட்டார். அது பெரிதாகப் பேசப்படவில்லை. 2005 ஜூலை 2 அன்று ஆப்பிரிக்க வறுமையை முன்வைத்து 'லைவ் 8' கச்சேரிகள் நடந்தபோது லண்டன் ஹைட் பார்க் பட்டியலில் செனகலின் யூசு என்டூர் தவிர ஆப்பிரிக்காவிலிருந்து பெயர் சொல்லும்படி யாரும் இல்லை. கண்டனம் வந்ததும் பிரிட்டிஷ் பாடகர் பீட்டர் கேப்ரியல் முயற்சியில் ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கென்று தனிக் கச்சேரி ஏற்பாடானது. எங்கே? லண்டனிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, கார்ன்வாலில். கூடத்தில் பந்தி நடக்கும்போது கொல்லைப்புறத்தில் இலை போட்ட மாதிரி. 2014-இல் எபோலாவுக்காக அதே பழைய பாட்டைப் புதுப்பித்தபோது, கானா வம்சாவளி ராப் பாடகர் ஃப்யூஸ் ஓடிஜி பாட மறுத்துவிட்டார். ஆப்பிரிக்கா என்றாலே நோயும் பசியும் என்ற படத்தைப் பாட்டு மேலும் பரப்புகிறது என்றார். பத்து வருடம் கழித்து, அதில் பாடியிருந்த எட் ஷீரன் அவர் சொன்னதைப் பகிர்ந்து, புது வடிவத்தில் தன் குரலைச் சேர்க்கத் தன்னைக் கேட்டிருந்தால் சம்மதித்திருக்க மாட்டேன் என்றார்.

அதே 2014-இல் திகென் ஜா ஃபகோலி, உமு சங்காரே, அமாது - மரியம் உள்ளிட்ட ஆப்பிரிக்கக் கலைஞர்கள் பாடிய எபோலாப் பாட்டு ஒன்றும் வந்தது. பிரெஞ்சிலும், நோய் பரவிய பகுதியின் கிஸி, மலின்கே, சுசு போன்ற மொழிகளிலும் பாடினார்கள். நோயாளியைத் தொடாதே, இறந்தவர் உடலைத் தொடாதே, மருத்துவரை நம்பு என்று நோய் பரவும் ஊர்க்காரர்களிடமே பேசியது அது. லண்டன் பாட்டு பணம் போடக்கூடியவர்களிடம் பேசியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மேடையைவிட முடிவெடுக்கும் இடத்தில்தான் சேதம் அதிகம். 2012 மார்ச்சில் வந்த 'கோனி 2012' காணொளி நினைவிருக்கிறதா? கலிஃபோர்னியாவில் இருக்கும் 'இன்விசிபிள் சில்ட்ரன்' அமைப்பு வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் பத்துக் கோடி முறை பார்க்கப்பட்டது. வடக்கு உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் படையில் சேர்த்த ஜோசப் கோனியைப் பிரபலமாக்கினால் பிடித்துவிடலாம் என்பது அதன் வாதம். கோனியின் படை அதற்கு ஆறு வருடம் முன்பே உகாண்டாவை விட்டுப் போயிருந்தது. இதை உகாண்டாவின் ரோஸ்பெல் ககுமிரே போன்றவர்கள் உடனே பதில் காணொளியிலேயே சொன்னார்கள்.

வெளியாகி ஒரு வாரம் கழித்து, கோனி படையால் பாதிக்கப்பட்ட லிரா ஊரில், விக்டர் ஒச்சென் நடத்தும் உள்ளூர் அமைப்பு அதைத் திறந்தவெளியில் திரையிட்டது. ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தங்கள் கதை, தங்கள் இழப்பு திரையில் வரும் என்று காத்திருந்தார்கள். திரையில் வந்ததோ அமெரிக்க அப்பா ஒருவரும் அவருடைய சின்னப் பையனும். தங்கள் பிள்ளைகளைக் கொன்றவனின் பெயரை டி-சர்ட்டில் போட்டு ஏன் விற்கிறீர்கள் என்று ஜனங்கள் கேட்டார்கள். கல் பறந்தது. அடுத்த ஊர்களில் திரையிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

கோபம் மட்டும் என்றால் மனவருத்தம் என்று விட்டுவிடலாம். படம் கேட்ட தீர்வே பாதிக்கப்பட்ட மக்களில் பலருடைய கருத்துக்கு எதிரானது. அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள் அங்கேயே இருந்து கோனியை வேட்டையாட உதவ வேண்டும் என்று படம் கேட்டது. வடக்கு உகாண்டாவின் அச்சோலி இன மதத்தலைவர்கள் 1990-களின் கடைசியிலிருந்தே வேறு ஒன்றைச் சொல்லி வந்தார்கள்: கோனியின் படையில் இருப்பது கடத்தப்பட்ட நம் பிள்ளைகள், குண்டு போட்டால் சாவது அவர்கள், திரும்பி வருகிறவனுக்கு மன்னிப்புக் கொடுங்கள். 2000-இல் உகாண்டாவில் பொதுமன்னிப்புச் சட்டம் வந்ததில் அவர்கள் பங்கு பெரிது. ஆயிரக்கணக்கானவர்கள் அதை நம்பிக் காட்டைவிட்டு வெளியே வந்தார்கள். 2008 டிசம்பரில் அமெரிக்க உதவியோடு உகாண்டா ராணுவம் காங்கோ காட்டில் கோனியின் முகாம்களைத் தாக்கியது. கோனி தப்பினான். சிதறிய படை அந்தக் கிறிஸ்துமஸ் நாட்களில் கிராமம் கிராமமாகப் புகுந்து எண்ணூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இவ்வளவும் நடந்த பிறகு எடுத்த படம் அது. எல்லா அச்சோலி மக்களும் மன்னிப்பை ஆதரித்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. கோனியைக் கூண்டில் ஏற்ற வேண்டும் என்றவர்களும் உண்டு. அந்த விவாதம் படத்தில் இல்லவே இல்லை.

சேதம் ரத்தத்தில்தான் தெரியும் என்றும் இல்லை. குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் தண்ணீர் ஏறும் என்று சொல்லி 'ப்ளே பம்ப்' என்ற ஒன்றுக்கு 2006-இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. சாதாரணக் கைப்பம்பைவிட நாலு மடங்கு விலை. சொன்ன அளவு தண்ணீர் வர வேண்டுமானால் குழந்தைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை கணக்குப் போட்டது. கடைசியில் ராட்டினத்தைக் கையால் தள்ளிச் சுற்றியது பெண்கள், அதில் வயதானவர்களும் உண்டு. தண்ணீர் எடுக்கிறவள் யார் என்று முதலிலேயே கேட்டிருந்தால் அந்தக் காசு மிஞ்சியிருக்கும்.

குரல் ஜெயித்த இடமும் உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும். 2000 வாக்கில் எய்ட்ஸ் மருந்து ஒருவருக்கு ஒரு வருடத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். ஆப்பிரிக்காவுக்கு மருந்து வேண்டாம், தடுப்புப் பிரச்சாரம் போதும் என்பதுதான் அன்று நன்கொடை நாடுகளில் பலரின் நினைப்பு. 2001-இல் அமெரிக்க உதவி முகமையின் (USAID) தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் பலருக்குக் கடிகார நேரமே தெரியாது, வேளை தவறாமல் மாத்திரை எப்படிச் சாப்பிடுவார்கள் என்ற பொருளில் வெளிப்படையாகப் பேசினார்.

தென்னாப்பிரிக்காவில் ஸாக்கி அச்மத்தும் அவருடைய தோழர்களும் 1998 டிசம்பரில் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' என்ற இயக்கம் இதை ஏற்கவில்லை. அச்மத்துக்கே எச்.ஐ.வி. தொற்று இருந்தது. எல்லோருக்கும் கிடைக்கும்வரை நானும் மருந்து சாப்பிட மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். விலை குறைந்த மருந்தை நாட்டுக்குள் கொண்டுவர வழிசெய்யும் சட்டத்தை எதிர்த்து 39 மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட்டிருந்தன. இவர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று, 2001 ஏப்ரலில் வழக்கு வாபஸ் ஆனது. அதே வருடம் பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் வருடத்துக்கு 350 டாலருக்கு மருந்து தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னது. கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில் அந்த அமைப்பு சிகிச்சையைத் தொடங்கியது.

இங்கே வெளிநாட்டு அமைப்பு வகித்த இடத்தைக் கவனியுங்கள். மருத்துவர்களும் மருந்தும் அவர்களுடையவை. என்ன வேண்டும் என்று தீர்மானித்தது நோயாளிகளின் இயக்கம். அந்த இயக்கம் வெள்ளைக்காரர்களை மட்டும் எதிர்க்கவில்லை. எய்ட்ஸ் கிருமியையே சந்தேகித்த தன் சொந்த அதிபர் ம்பெகியின் அரசை நீதிமன்றத்துக்கு இழுத்தது. குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தைக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் உத்தரவு போட்டது. ஆப்பிரிக்கத் தலைவரின் குரலுக்கே மரியாதை கொடுக்க வேண்டும் என்று வெளியாட்கள் ஒதுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடிகார விஷயத்துக்கும் பதில் கிடைத்தது. 2006-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம்.

இனி பணத்துக்கு வருவோம், ஏனென்றால் கையெழுத்துப் போடும் அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. 2016-இல் இஸ்தான்புல்லில் நடந்த உலக மனிதாபிமான மாநாட்டில் பெரிய நன்கொடை நாடுகளும் அமைப்புகளும் ஓர் உறுதி கொடுத்தன: 2020-க்குள் நிவாரணப் பணத்தில் கால் பங்கு உள்ளூர் அமைப்புகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் போகும். நேராகப் போவது பல வருடங்கள் ஓரிரு சதவீதத்தைச் சுற்றியே நின்றது. 2021 நவம்பரில் அமெரிக்க உதவி முகமையும் நான்கு வருடத்தில் கால் பங்கு என்றது. 2023-இல் பத்து சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. 2025 ஜூலையில் அந்த முகமையையே மூடிவிட்டார்கள்.

ஏன் போகாது? கெட்ட எண்ணம் என்று சொல்லிவிட்டால் சுலபம். நடைமுறைதான் ஆளை அடிக்கிறது. நூறு சின்ன அமைப்புகளுக்குத் தனித்தனியாகக் காசோலை கொடுத்து ஆடிட் பார்ப்பதைவிட ஒரே பெரிய அமைப்புக்குக் கொடுப்பது நன்கொடை அலுவலகத்துக்கு லேசு. விண்ணப்பப் படிவம் நூறு பக்கம், ஆங்கிலத்தில் அல்லது பிரெஞ்சில். அதை எழுதவே தனி ஆள் வேண்டும். பெரிய அமைப்பு பணத்தை வாங்கித் துணை ஒப்பந்தமாக உள்ளூர்க்காரருக்குக் கொடுக்கும்போது திட்டச் செலவு மட்டும் போகும். அலுவலக வாடகைக்கும் கணக்காளர் சம்பளத்துக்கும் உண்டான பங்கு பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். கணக்காளர் இல்லாததால் அடுத்த முறையும் 'திறன் போதாது' என்று அதே உள்ளூர் அமைப்பு தள்ளப்படும்.

உள்ளூர்க்காரரிடம் கொடுத்தால் தின்றுவிடுவார்கள் என்பது எப்போதும் வரும் ஆட்சேபம். தின்பவர்கள் இருக்கிறார்கள். 2014-16 எபோலா நிவாரணத்தில் செஞ்சிலுவைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பே அறுபது லட்சம் டாலருக்கு மேல் மோசடியில் இழந்ததாக ஒப்புக்கொண்டது. ஜெனீவாவில் தலைமையகம் இருப்பது திருட்டுக்குத் தடை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

உள்ளூர் அறிவு காசு மிச்சப்படுத்திய கதையும் உண்டு. சோமாலியாவில் ஃபாத்திமா ஜிப்ரெல் தொடங்கிய 'ஹார்ன் ரிலீஃப்' (இன்று அதன் பெயர் அடேசோ), 2003-04 வறட்சியில் உணவு மூட்டைக்குப் பதில் ஹவாலா கடைகள் (அங்கே பணம் அனுப்பும் கடைகள்) வழியாக ரொக்கமாகவே கொடுத்தது. சந்தையில் சாமான் இருக்கிறது, வாங்கக் கையில் காசுதான் இல்லை என்பது உள்ளூர்க்காரருக்குத் தெரியும். 2011 பஞ்சத்தில், உணவு கொண்டுபோக முடியாத பகுதிகளில், மற்ற அமைப்புகளும் இதே வழிக்கு வந்தன. கொஞ்சம் தாமதமாக. அந்தப் பஞ்சத்தில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர் இறந்தார்கள், பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடேசோவின் டெகான் அலி இன்று உள்ளூர் அமைப்புகளுக்கு நேரடி நிதி வேண்டும் என்று வாதாடுபவர்களில் முக்கியமானவர்.

நீங்கள் ஏதாவது ஓர் அமைப்புக்குப் பணம் போட நினைத்தால் விளம்பரப் படத்தில் யார் முகம் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். பிரிட்டனின் 'காமிக் ரிலீஃப்' நட்சத்திரங்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பிப் படமெடுப்பதை 2020-இல் நிறுத்தி, இனி ஆப்பிரிக்கப் படக்காரர்களே எடுப்பார்கள் என்றது, நல்ல விஷயம்தான். அதைவிட அவசியம், நிர்வாகக் குழுவில் அந்த நாட்டுக்காரர் எத்தனை பேர், பட்ஜெட்டை யார் போட்டது, அலுவலகச் செலவில் உள்ளூர் அமைப்புக்குப் பங்கு உண்டா, ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லி நின்றுபோன திட்டம் ஏதாவது ஒன்றாவது உண்டா என்று கேட்பது. கடைசிக் கேள்விக்குப் பதில் வந்தால் அந்த அமைப்பை நான் நம்புவேன்.

இப்போதைய உதாரணம் சூடான். 2023 ஏப்ரல் 15-இல் ராணுவத்துக்கும் துணை ராணுவப் படைக்கும் இடையே போர் வெடித்ததும் சர்வதேச அமைப்புகள் தலைநகர் கார்ட்டூமைவிட்டு வெளியேறின. தெருவுக்குத் தெரு இளைஞர்கள் 'அவசர உதவி அறைகள்' அமைத்தார்கள். ஆட்சிக்கு எதிராக முன்பு போராடிய குடியிருப்புக் குழுக்கள்தான் பல இடங்களில் அவற்றின் வேர். பொதுச் சமையலறை நடத்தினார்கள், காயம்பட்டவர்களை அப்புறப்படுத்தினார்கள், தண்ணீர்க் குழாயைச் சரிபார்த்தார்கள். இரண்டு தரப்புப் படைகளும் இவர்களைப் பிடித்து அடைத்தன, சிலரைக் கொன்றன. கொஞ்சம் கொஞ்சமாக வெளிநாட்டு நிதி இவர்களைத் தேடி வந்தது, அமெரிக்கப் பணமும் அதில் பெரிய பங்கு. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை முடக்கியதும், சில வாரங்களுக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமையலறைகளில் அடுப்பு அணைந்தது. அதே வருடம் இந்த அறைகளுக்கு ஸ்வீடனின் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. மிஞ்சிய சமையலறைகள் பல, வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வேலை செய்யும் சூடானியர்கள் அனுப்பும் பணத்தில் ஓடின.